‘உப்பு போதுமா’வுக்கு நான்காம் இடம் கொடுத்தது பற்றி

சேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை
18.8.2025, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய ‘அதியர் மடல்’ மாத இதழ் ஆசிரியர் மாதேஸ்வரன் ஐயா அவர்களுக்கு, காலஞ்சென்ற அந்தோணிசாமியின் மனைவி ராயம்மாள் எழுதிக்கொண்டது. நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை இல்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. குறை உங்கள் பத்திரிகையில்தான்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நான்காவதுக்கு விடாமல் மாடு மேய்க்க அனுப்பிய என் அப்பாமேல் இருக்கிற வருத்தம் தனி, அதை இங்கே எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. உங்களுக்கும் எனக்கும் பழைய தொடர்பு உண்டு. 2011 மார்ச் இதழில் பதினேழாம் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட்டீர்கள். பெயர் அவருடையது, படம் கிருதா வைத்த வேறு யாருடையதோ. “கடைசிக் காலத்துல நல்லாத் தேறியிருந்தாருங்களே” என்று நாலு பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். அதை நான் மன்னித்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுத மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத இதழில் ‘மாவட்டத்தின் வெற்றிகரமான இளம் வலைப்பதிவர்கள் பத்துப் பேர்’ என்று வரிசை போட்டிருக்கிறீர்கள். என் பேத்தி மோனிஷா இணையத்தில் எழுதுகிற ‘உப்பு போதுமா’ நான்காவது. முதலிடத்துப் பூவரசன் அரசுத் தேர்வுக்குக் கேள்வி பதில் போடுகிறவனாம், இரண்டாமிடத்து சுபியான் பைக் ரிப்பேர் சொல்லித் தருகிறவனாம். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டாரை எனக்குத் தெரியாது. மூன்றாமிடம் ஆரோக்கிய பிரவீன். இவன் என் நாத்தனார் சவரியம்மாளின் பேரன். இவன் எழுதுவது செல்போனைப் பற்றி. ஒரு போன் வந்தால் இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்கிறான், அடுத்த மாதம் அடுத்தது வந்ததும் முன்னதைத் தொடாதே என்கிறான். போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

மோனிஷா எழுதுவது சமையல். நான் செய்கிற பக்குவத்தை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பக்குவம் என்றால் வெறும் பக்குவம் எனக்கு வராது. கொள்ளுக் கடைசல் என்றால் அந்தக் கடைசலைத் தின்றுவிட்டுப் புறணி பேசினது யார் என்பதும் சேர்ந்துதான் ஞாபகம் வரும், அதையும் சொல்லுவேன், அவள் அதையும் எழுதிவிடுவாள். இதுவரை அறுபத்தொரு பதிவு வந்திருக்கிறது, இன்னும் பத்தொன்பது பேர் மீதி இருக்கிறார்கள். தலைப்பு வந்த கதை முதல் பதிவிலேயே இருக்கிறது, நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். 1983 மே மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் மகன் ஞானராஜுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து வீட்டில் நாற்பது பேருக்குக் களியும், கீரையும் பருப்பும் வேகவைத்து இறுத்த உப்புச்சாறும் போட்டேன். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து ஒற்றை ஆளாகச் செய்தது. பந்தியில் ஒரு குரல், “உப்பு போதலியே” என்று. நான் கரண்டியோடு வெளியே வந்து யார் சொன்னது என்று கேட்டேன். “நாந்தான் அண்ணி” என்று சவரியம்மாள் எழுந்து நின்று சொன்னாள். அத்தனை பேர் முன்னால், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அன்றைக்கு நிறுத்தினதுதான், நாற்பத்திரண்டு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை. ஞானராஜ் வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவத்தியுமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சந்தேகம் இருந்தால் அவனைக் கேளுங்கள், அவனே சாட்சி.

இப்போது அந்தச் சாட்சிதான் பதிவை மூடு என்கிறான். அவனுக்கு இங்கேயே ரோட்டோரம் வெல்டிங் பட்டறை. மோனிஷா எழுத ஆரம்பித்த இரண்டு வருஷத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் வருகிறது. உங்கள் போட்டி அறிவிப்பு வந்த அன்று அவன் மகளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மூணு எடத்துக்குள்ள வந்தா எழுதிக்க கண்ணு, நான் வாயத் தொறக்கல. வரலைன்னா மூடிட்டு பேங்க் பரிச்சைக்குப் படி.” அவளும் சரி என்றுவிட்டாள். நான்காமிடம் என்று பார்த்ததிலிருந்து அவள் ஒன்றும் எழுதவில்லை, பரீட்சைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூடுவதாகப் பேச்சு. ஐயா, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உங்களுக்கு ஒரு வரிதான், எங்களுக்குப் பத்தொன்பது பேர்.

நீங்கள் வெற்றியை அளந்த விதத்தைப் படித்தேன். பார்வைக்கு ஐம்பது மதிப்பெண், வாசகர் தங்கும் நேரத்துக்கு முப்பது, கருத்துக்கு இருபது. எண்ணிக்கை ஒரு அளவா ஐயா? நல்லம்பள்ளியில் மளிகைக்கடை வைத்திருக்கிற சலாவுதீன் பாய் கடையில் 1998ல் வாங்கின கேழ்வரகில் கல் இருந்தது, என் கடைவாய்ப் பல் ஒன்று போனது. அதைக் களிப் பதிவில் மோனிஷா எழுதினாள். எழுதி மூன்றாம் நாள் பாய் தன் ஸ்கூட்டரில் ஒரு படி கேழ்வரகைப் புடைத்துச் சலித்து எடுத்துக்கொண்டு எங்கள் வூட்டு வாசலில் வந்து நின்றார். “ஆத்தா, அது எங்கத்தா காலத்துச் சரக்குங்க. கல்லாவுல உக்காந்திருந்தவரு அவரு. நீங்களே கைய வுட்டுப் பாருங்க, இதுல ஒரு கல்லு இருக்குதான்னு” என்றார். நான் கையை விட்டுப் பார்த்தேன். இல்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன். இருபத்தாறு வருஷக் கணக்கு அன்றைக்கு முடிந்தது. அந்த மனுஷன் உங்கள் வரிசையில் என்ன? ஒரு பார்வை. பிரவீனின் பக்கத்தைக் கைதவறித் திறந்து மூடினவனும் ஒரு பார்வை. எழுதினதைப் படித்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டானா என்று பார்க்க உங்களிடம் ஒரு கட்டம் இல்லை.

சரி, எண்ணிக்கைதான் வேண்டும் என்கிறீர்கள், அதற்கும் நான் உழைத்தேன். நீங்கள் கணக்கெடுத்த ஜூன் மாதத்தில் கோயில் மாதா சபைப் பெண்கள் ஒன்பது பேரை, செபம் முடிந்த பிறகு வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் மோனிஷாவின் பக்கத்தைப் பார்க்க வைத்தேன். நாலு ஞாயிறு, ஒன்பது பேர், முப்பத்தாறு. அதில் இரண்டு பேர் கண்ணாடி எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தது என் போனில். ஒரே போன் என்றால் ஒரே ஆள்தான் என்று பிறகுதான் தெரிந்தது. பிரவீன் சட்டைப்பையில் ஒன்று, பேன்ட் பையில் ஒன்று வைத்திருக்கிறான். தன் பக்கத்தை அவனே பார்த்தால் இரண்டு பேர். ஒன்பது பொம்பளைகள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒருத்தர். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் மூன்றாவதோடு நின்றவள்.

அடுத்து எழுதப்போவது உங்களுக்கும் எனக்கும் மட்டும். மோனிஷாவின் பெயருக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: “ஒரே கைபேசியில் இந்தப் பக்கம் நாள்தோறும் ஆறு மணி நேரம் திறந்திருக்கிறது. நேரத்தைச் செயற்கையாகக் கூட்டிக் காட்டும் முயற்சியோ என்று ஐயப்பட இடமுண்டு.” இதற்காக எட்டு மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள். அந்தக் கைபேசி என்னுடையது. ஆறு மணி நேரம் நான் படித்தேன் ஐயா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு பதிவு முடிய மத்தியானம் ஆகிவிடும், சரியாக எழுதியிருக்கிறாளா என்று பார்க்க இன்னொரு தரம் படிப்பேன். போனில் விளக்கு அணைந்து அணைந்து போகிறது என்று சொன்னதால் அணையாத மாதிரி மோனிஷாதான் மாற்றிக் கொடுத்தாள், வேறு சூது அவளுக்குத் தெரியாது. பக்கத்து வூட்டுக் குள்ளம்மாளுக்கு எழுத்தே தெரியாது, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நான் படிப்பதைக் கேட்பாள், அவள் கணக்கிலேயே வரவில்லை. அவளைப் பற்றின தக்காளித் தொக்குப் பதிவு வந்தபோது, பக்குவத்தை என்னிடம் கற்றுக்கொண்டு பாப்பாரப்பட்டியில் தன் அம்மா சொன்னது என்று ஊரெல்லாம் பேசினாள் என்ற ஒரு வரியை மட்டும் தாண்டிப் படித்தேன். அதனால் நேரம் குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது. மிட்டாய்க் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவன் வாசகன், உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவள் செயற்கையா?

இன்னொரு ஐந்து மதிப்பெண், “பெயரில்லாத ஒரு வாசகர் தொடர்ந்து கடுஞ்சொற்களால் சாடுகிறார், பதிவருக்கு வாசகர்களோடு நல்லுறவு இல்லை” என்று குறைத்தது. அதுவும் நான்தான். மோனிஷா ஆட்களின் பெயரை ‘ஒருவர்’, ‘ஓர் உறவினர்’ என்று மாற்றிவிடுவாள். போனில் மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. “பயந்தாங்கொள்ளி, பெயரைப் போடு” என்று பேசிவிடுவேன். பேத்தியைப் பாட்டி திட்டுவது நல்லுறவு இல்லை என்று எந்த ஊரில் எழுதுகிறார்கள்? ஆக எட்டும் ஐந்தும் பதிமூன்று, அவளுடைய அறுபத்தெட்டோடு சேர்த்தால் எண்பத்தொன்று. பிரவீனுக்கு எழுபத்தொன்று. சுபியானுக்கு எழுபத்தொன்பதுதான், அவனையும் தாண்டும். தாண்ட வேண்டாம், பாவம், பைக் ரிப்பேர் உபயோகமான காரியம். சவரியம்மாள் பேரனுக்கு மேலே இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு திருத்தம் எழுதிப் பட்டறை விலாசத்துக்கு அனுப்புங்கள். காரணம் போட வேண்டாம். நான் செய்ததால்தான் அவளுக்கு இடம் போனது என்று மோனிஷாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள், ஞானராஜுக்குத் தெரிந்தால் என் போனை வாங்கி வைத்துவிடுவான். குள்ளம்மாள் வரியையும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்களைத் தவிர ஒரு கண் பார்க்கக் கூடாது.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சர்வேசுரன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், படங்களை மாற்றாமல் போடுகிற கவனத்தையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
அ. ராயம்மாள்

பின்குறிப்பு: நேற்று ஸ்டாம்பு தேடின மோனிஷா, பைபிளுக்குள் வைத்திருந்த இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். முழுதும் படித்தாள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அறுபத்திரண்டாம் பதிவாகப் போட்டுவிட்டாள், பெயர்களோடு. ஆகவே இது உங்கள் கைக்கு வருமுன் எல்லாரும் படித்தாயிற்று. இன்று காலை வரைக்கும் இருபத்தோராயிரத்து நானூறு பார்வை. பிரவீன் தன் பிறவியில் ஒரு நாளில் இவ்வளவு பார்த்ததில்லை, எண்ணிக்கையைப் போல நம்பகமான அளவு வேறில்லை. குள்ளம்மாள் மருமகளை விட்டு முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், வேலிப்பக்கம் வரவில்லை.

பதிவுக்குக் கீழே முதல் கருத்தே ஞானராஜ் எழுதினது. அப்படியே தருகிறேன். “அம்மா, அன்னைக்கு உப்பு போதலைன்னு சொன்னது நான். நீங்க கரண்டியோட வந்ததப் பாத்து அத்தை எந்திரிச்சு நின்னு தான் சொன்னதா சொல்லிட்டாங்க. புதுநன்மை வாங்கின புள்ள அடி வாங்கக் கூடாதுன்னுதான். யாருக்கும் சொல்லாதடான்னாங்க. இத்தன நாளு சொல்லல.”

அவனுக்குப் பதிலாக முந்நூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் அவனைத் திட்டி. அவன் பட்டறையைத் திறக்காமல் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறான். பதிவை மூடுகிற பேச்சே இல்லை. ஆறு மணி நேரமாகிறது, அவனையும் செயற்கை என்று எழுதிவிடாதீர்கள். அதனால் உங்கள் திருத்தம் வேண்டாம், மூன்றாமிடம் பிரவீனிடமே இருக்கட்டும். நான் மத்தியானம் சவரியம்மாள் வூட்டுக்குப் போகிறேன், நாற்பத்திரண்டு வருஷம் இதை என்னிடம் சொல்லாமல் இருந்தது எதற்கு என்று கேட்க வேண்டும். உப்புச்சாறு ஒரு தூக்கில் ஊற்றி வைத்திருக்கிறேன், குடித்துப் பார்த்துவிட்டு அவள் வாயால் சொல்லட்டும். அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் சரி, உப்பு சரியாகத்தான் இருந்தது.