ஐந்தாம் நம்பர் மலைக் குளவிகள்

ஐந்தாம் நம்பர் தேயிலை மலையிலிருந்து, கொழுந்து பறிக்கும் நாற்பது பெண்கள் கூடைகளோடு கீழே ஓடி வருவதை ஷாமிலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழையாக்கும் என்று நினைத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சிறுத்தையாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் முன்னால் ஓடி வந்த மீனம்மாவின் குரல் கேட்டது.

"குளவி! குளவி! ஓடியாங்கடி!"

ஷாமிலாவின் கை தானாகவே போய் ஸ்பீக்கரை அணைத்தது. மலையில் குளவிச் சத்தமும் அதோடு நின்றது.

நாற்பது பேரைக் கலைத்து விரட்டியது குளவி இல்லை. அவளுடைய பாட்டு.

றொசல்லைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம் ஒன்றைக் கழுவி வெள்ளையடித்து, அதைக் கம்ப்யூட்டர் நிலையம் ஆக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் மூன்று. ஓடுவது ஒன்று. பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்பது ஷாமிலாவின் வேலை. காலையில் ஆள் வராது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இன்டர்நெட் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போட்டி அவள் கண்ணில் பட்டது. உலகத்தில் எங்கிருந்தும் சேரலாம். இலவசமாகக் கிடைக்கும் ஒரே ஒரு சின்தசைசர் மென்பொருள். மேளம், குழல், அடிநாதம் என்று பாட்டிலுள்ள அத்தனை சத்தத்தையும் அதிலிருந்தே உண்டாக்க வேண்டும். வேறு வாத்தியம் கூடாது, பதிவு செய்த சத்தமும் கூடாது. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

கோயில் ஆர்மோனியத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்ததற்கே, "பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு இது?" என்று கேட்டிருந்தார்கள். இந்த மென்பொருள் அவளிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. போட்டிக்காரர்கள் கேட்டதும் பெயர் ஒன்றுதான். ஒரு பென் டிரைவில் மென்பொருளை இறக்கிக்கொண்டு வந்தாள்.

தாழ்ந்த சுரம் ஒன்றைச் சடாரென்று கீழே விழவைத்தால் அது தப்பு மேளச் சத்தம் ஆனது. காற்றிரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கினால் சலங்கை. பாட்டின் நடுவில் மட்டும் ஒரு வெறுமை இருந்தது. திரையில் ரம்பப் பல் மாதிரித் தெரிந்த இரண்டு அலைகளை எடுத்து, ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாக வைத்து, தப்பின் அடிக்கு ஏற்றபடி ஏறி இறங்கவிட்டாள். கேட்டதும் உடம்பு புல்லரித்தது. இதைத்தான் இத்தனை நாளும் தேடினேன் என்று ஸ்பீக்கரை முழுதாகத் திறந்துவிட்டாள். ஹெட்போனில் ஒரு காது செத்துப்போயிருந்ததால் வேறு வழியும் இல்லை.

அந்த நிமிடத்தில்தான் மலை காலியானது.

போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். நிலையத்தின் சாவியைக் கொடுத்த அன்றே கண்டாக்கு சிவராசா ஐயா சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், இந்தப் பிரிவின் மலை வேலை முழுக்க அவர் பொறுப்பு. "பிள்ளை, இது படிப்புக்கு மட்டும். பாட்டு, கூத்து எண்டு ஏதும் என்ர காதில விழுந்தால் அண்டைக்கே சாவியை வாங்கிப்போடுவன்."

சாவி போனால் கம்ப்யூட்டர் போச்சு. கம்ப்யூட்டர் போனால் பாட்டும் போச்சு. ஷாமிலா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலை அந்தச் சத்தத்தைத் திருத்தினாள். குளவிச் சத்தம் மெலிசு, அதனால் சுரத்தை நன்றாகக் கீழே இறக்கினால் யாரும் குளவி என்று நினைக்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. இறக்கிவிட்டுப் பத்து விநாடிதான் போட்டுப் பார்த்தாள்.

"அய்யய்யோ, இன்னைக்குப் பெரிசு வந்திருச்சு!" என்று மலையிலிருந்து மீனம்மா கத்தினாள்.

திரும்பவும் நாற்பது கூடைகளும் இறங்கின. கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். சோலைமலைக் கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றார். ஷாமிலா ஜன்னலின் ஓரமாக ஒதுங்கி நின்று கேட்டாள்.

"இது சாதாரணக் குளவி இல்லீங்க ஐயா. சத்தமே நெஞ்சுல இடிக்குது."

"ஆருக்கும் கொட்டினதே?"

"இல்லீங்க."

"நாப்பது பேரில ஒருத்திக்குமோ?"

"ஓடுனதாலதான் ஐயா தப்பிச்சோம்" என்றாள் மீனம்மா, மூச்சு வாங்கியபடி. "நின்னிருந்தா இந்நேரம் டிஸ்பென்சரியிலதான் கெடப்போம்."

கண்டாக்கு மலையை அண்ணாந்து பார்த்தார். ஷாமிலா ஜன்னலை மெல்லச் சாத்தினாள்.

அன்றைக்குப் பின்னேரம் அம்மாவின் இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றிக் கட்டினாள். மலைப் பக்கம் சத்தம் போகக்கூடாது என்று பெட்டிகளைப் பின்சுவரோடு சேர்த்து வைத்தாள். பின்சுவர் பலகை. பலகையின்மேல் தகரக்கூரை. பெட்டி மெதுவாகத்தான் முனகியது. பலகை அதை வாங்கித் தகரத்துக்குக் கொடுத்தது. தகரம் மொத்தமும் அதிர்ந்து, நிலையமே ஒரு பெரிய குளவிக்கூடாகி ரீங்காரமிட்டது.

இந்தத் தடவை லயத்து வீடுகளில் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அங்கிட்டு இருந்து வருது!"

"இல்ல, இங்கிட்டு இருந்து!"

"எல்லாப் பக்கமும் கேக்குதே!"

கண்டாக்கு நெற்றியைச் சுருக்கினார். "கூடு ஒண்டில்லை. நாலைஞ்சு இருக்கவேணும்" என்று முடிவு கட்டினார். அதோடு ஓர் உத்தரவும் போட்டார். மலைக்குப் பக்கத்தில் கதவு ஜன்னல் ஒழுங்காக மூடக்கூடிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான். இனிமேல் குளவிச் சத்தம் கேட்டால் எல்லாரும் நேராகக் கம்ப்யூட்டர் நிலையத்துக்குள் ஓடிவர வேண்டும்.

ஷாமிலாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் அவள் பாட்டைப் போட்டால், கேட்டவர்கள் எல்லாரும் அவளிடமே ஓடி வருவார்கள்.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. தகரத்தில் கொட்டிய மழையில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கடவுளே பார்த்து அனுப்பிய மழை என்று ஷாமிலா கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அந்த மென்பொருளில், கீபோர்ட்டின் எழுத்துகளை அழுத்தினால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சுரமாக ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். பாட்டின் நடுப்பகுதி அழகாகக் கூடிவந்தது. மழை விட்டதை அவள் கவனிக்கவில்லை.

கதவு தடதடவென்று இடிபட்டது.

"கதவத் தொற புள்ள! குளவி வந்திருச்சு!"

திறந்ததும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் கூடையுமாக நாற்பது பேரும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஈரமும் பச்சைக் கொழுந்து வாசமும் அறையை நிரப்பின. கடைசியாகக் கண்டாக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"போதும். இனிப் பொறுக்கேலாது. பிள்ளை, தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் அடியும். இங்கிலீஷில. நான் சொல்லுறன்."

ஷாமிலா அவசரமாகக் கடிதப் பக்கத்தைத் திறந்தாள். அது சரியாகத் திறந்ததா என்று பார்க்கவில்லை. முதல் எழுத்தை அழுத்தினாள்.

ஸ்பீக்கர், "ங்ஙொய்ங்" என்றது.

அறையில் கூச்சல் எழுந்தது. கண்டாக்கு ஒரே தாவில் பெஞ்சின்மேல் ஏறி ஜெர்சியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். ஷாமிலா விரலை எடுத்தாள். சத்தம் நின்றது.

"நிப்பாட்டாதையும்!" ஜெர்சிக்குள்ளிருந்து குரல் வந்தது. "துரைக்குக் கடிதம் போனால்தான் இதுக்கொரு முடிவு. கெதியா அடியும்!"

அவள் அடித்தாள். ங்ஙொய்ங், ங்ஙீங், ங்ஙொய்ங்.

"உள்ளுக்க வந்திட்டுது! இன்னும் கெதியா!"

வேகமாக அடிக்க அடிக்கக் குளவிகள் பெருகின. பெண்கள் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தபோது ஷாமிலாவுக்கே அழுகை முட்டியது. இரண்டு வரி அடித்தபிறகுதான் திரையைப் பார்த்தாள். கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட விழவில்லை. அடித்த அத்தனையும் சின்தசைசருக்குப் போயிருந்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டு கடிதப் பக்கத்தைக் கிளிக் செய்தாள். மீதியைச் சத்தமில்லாமல் அடித்து முடித்து அச்செடுத்துக் கொடுத்தாள்.

கண்டாக்கு மெல்லத் தலையை வெளியே நீட்டினார். "நிண்டிட்டுது. பார்த்தீரே? துரைக்குக் கடிதம் எழுதின உடனே குளவியும் அடங்கிப்போச்சு."

கடிதம் நன்றாகவே வேலை செய்தது. வெள்ளிக்கிழமை காலை, பனியில் குளவிகள் மந்தமாக இருக்கும் நேரத்தில், புகை போட்டுக் கூடு எடுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வட்டவளையிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மரங்களைக் காட்டச் சோலைமலைக் கங்காணியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கைத் தைத்து உடுப்பாகப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் பனிக்குள் மறைவதை ஷாமிலா பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இல்லாத குளவியைத் தேடி, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் வழுக்கும் மரத்தில் ஏறப்போகிறார். விழுந்தால்? அந்தக் குடும்பத்தின் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? பாட்டாவது மண்ணாவது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு மலையில் ஏறி ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினாள்.

பாதி வழியில் கண்டாக்கு எதிரே இறங்கி வந்தார்.

"ஐயா, நான் ஒன்னு சொல்லணும். அந்தக் குளவி..."

"கண்டுபிடிச்சாச்சு!"

"என்னாங்க ஐயா?"

"கூடு, பிள்ளை, கூடு! கொழுந்துக் கூடையளவு! புள்ளக்காம்பராவுக்குப் பின்னால நிக்கிற டர்பன்டைன் மரத்தில. கீழதான் மலைக்கு வேலைக்குப் போற பொம்பிளையளின்ர கைக்குழந்தையள் எல்லாத்தையும் தொட்டில்ல போட்டிருக்கினம். ஒரு காத்து அடிச்சிருந்தால் என்ன ஆகியிருக்கும் சொல்லும்?" அவருடைய குரலே கொஞ்சம் உடைந்திருந்தது. "புகை போட்டு முழுசா எடுத்தாச்சு. உம்முடைய கடிதத்தைத் துரை நல்லாப் புகழ்ந்தவர். அதுசரி, நீர் என்னவோ சொல்ல வந்தீர்?"

ஷாமிலா சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "ஒன்னும் இல்லீங்க ஐயா. குளவி... கெடச்சிருச்சான்னு கேக்க வந்தேன்."

அப்படியானால் உண்மையாகவே குளவி இருந்திருக்கிறது. அவர்கள் கேட்டது அதைத்தானா? தன்னுடைய சத்தமும் குளவியின் சத்தமும் மூன்று நாளும் ஒரே நேரத்தில் வந்தனவா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. யோசிக்க நேரமும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை.

ஹட்டன் கடையில் லைன் நத்தையாக ஊர்ந்தது. நூற்றுக்கு எண்பத்து மூன்று வரை போய்ப் பாட்டு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து வலித்தது. ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, "கிடைத்தது, நன்றி" என்று ஒரு வரி வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சீட் கிடைத்தும், உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே போனாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. முப்பத்து நான்கு பேரில் அவள் பதினோராவது. "நடுவில் வரும் ரீங்காரத்தில் எனக்குப் பயமே வந்துவிட்டது, எப்படிச் செய்தாரோ" என்று எங்கோ ஒரு நாட்டு நடுவர் எழுதியிருந்தார். ஷாமிலா அந்தப் பக்கத்தை அச்செடுத்து நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

யாருக்காவது அந்தப் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கண்டாக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், மலைப் பெண்களை நிலையத்துக்குக் கூப்பிட்டாள். "பயப்படாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொன்னால் எல்லாம் வெளிவந்துவிடும். நெரிசலில் யாரும் விழுந்துவிடக்கூடாது என்று கதவை மட்டும் அகலத் திறந்து வைத்தாள்.

தப்பு அதிர்ந்தது. சலங்கை சேர்ந்தது. ரீங்காரம் எழுந்து அறையை நிறைத்தது. ஷாமிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு பெஞ்சுகூட நகரவில்லை.

கண்ணைத் திறந்தாள். நாற்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மீனம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," ஷாமிலா ஸ்பீக்கரைக் கைகாட்டினாள். "இது... அந்தச் சத்தந்தாங்கக்கா. நீங்க ஏன் ஓடல?"

மீனம்மா தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"எந்தக் குளவி புள்ள தாளம் தப்பாமப் பாடும்? புள்ளக்காம்பரா மரத்துக் கூட்ட எடுங்கன்னு ஆறு மாசமா நாங்க வாயால கத்துனோம், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஒன் பொட்டி கத்துச்சு, நாங்க ஓடுனோம்."