நாகத்துக்குப் பதினாறாம் நாள்

ஒலிபெருக்கியிலிருந்து குப்பென்று புகை கிளம்பியது. திரையில் சீனர்கள் வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை.

"சவுண்டு அவ்ளோதான் நைனா," என்றார் படம் ஓட்டிய ரஹீம்.

சீனத் திருவிழாக்களைப் பற்றிய அந்த ஆவணப்படத்தை வரவழைத்தவர் நீலமேகம்தான். மறுநாள் படிப்பகத்துச் செயலாளர் தேர்தல். அவரை எதிர்த்து நிற்கும் மனோகரன் முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சிறப்பு விருந்தினர், மண்ணடிச் சீனப் பல் டாக்டர் லீ. வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. முடிவில் அவர் பேசுவதாக ஏற்பாடு.

நீலமேகம் எழுந்து, படத்தோடு வந்த குறிப்பை மனப்பாடமாக ஒப்பித்தார்.

"இது விளக்குத் திருவிழா. வீதியெங்கும் விளக்குகளைப் பாருங்கள்!"

திரையில் படகுப் போட்டி நடந்தது.

"இன்னாப்பா, படகு உனுக்கு வெளக்காட்டம் கீதா?" என்றாள் மீன்காரி பூவம்மா.

ரஹீம் சுருளை மாற்றிப் போட்டிருந்தார். இனி கண்ணில் படுவதைச் சொல்லவேண்டியதுதான். அதற்கும் கூட்டம் கொட்டாவி விட்டது. மேளமாவது இருக்கட்டும் என்று நீலமேகம் கூட்டத்திலிருந்த மேளக்காரர் துரையைக் கூப்பிட்டார். துரைக்குத் தெரிந்தது சாவு மேளம் ஒன்றுதான்.

திரையில் நீளமான துணி நாகம் துள்ளித் துள்ளி ஆடியது. கீழே சாவு மேளம். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"யாருய்யா செத்தது?" என்றாள் பூவம்மா.

"நாகம்," என்றார் நீலமேகம், வேறு வழியில்லாமல்.

அடுத்த காட்சியில் நாகம் பட்டாசுப் புகையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"செத்தது எப்டிய்யா எந்திரிச்சிது?" என்றார் மனோகரன்.

"பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உயிர் வந்துவிடும். அது அவர்கள் வழக்கம்."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். டாக்டர் லீ சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். தம்முடைய குற்றப்பட்டியல்தான் என்று நீலமேகத்துக்கு வியர்த்தது.

படம் முடிந்ததும் மனோகரன் துள்ளி எழுந்தார். "டாக்டரு, அவரு சொன்னதெல்லாம் கரீட்டா? நீங்களே சொல்லுங்க!"

டாக்டர் லீ நேராக நீலமேகத்திடம் வந்து சீட்டை நீட்டினார்.

"நா பொறந்து வளந்ததே மண்ணடி, நைனா, எங்க பண்டிகய சொல்லிக் குடுக்க வூட்ல ஆளில்ல. எல்லாம் எழுதிக்கினேன், அந்தப் பதினாறாம் நாளுக்கு இன்னா இன்னா வாங்கணும், அத்த மட்டும் நீயே எழுதிக் குடு."