தேங்காய்த் தண்ணீரில் குளித்த பியட்

உக்கடம், கோயமுத்தூர்.
மே 1993, புதன்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மச்சான் உவைஸ் அவர்களுக்கு, உங்கள் அக்கா ஆமினாவைக் கட்டிய ஷேக் பரீத் மிகுந்த மனச்சோர்வோடு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் பொள்ளாச்சியில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்; மை வந்தது, மனசு வரவில்லை. இந்த வீட்டில் சுகமாக இருந்தது உங்கள் கார் ஒன்றுதான். அதுவும் போன வாரம் வரைக்கும்தான்.

மச்சான், கைமாற்றி விற்கலாமென்று அந்த வெள்ளை பியட் காரை நீங்கள் வாங்கியபோது உங்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். தோப்பு வீட்டில் நிறுத்தினால் தேங்காய் விழுந்து மேல்தகடு நெளிந்துபோகும், நான் காலமெல்லாம் மில் வேன் ஓட்டியவன், விற்கிற வரைக்கும் என் வீட்டு முன்னாலேயே நிற்கட்டும் என்றீர்கள். சரி என்றேன். "தெனம் ஒருக்கா கழுவி உட்டுருங்க மச்சான்" என்றீர்கள். அப்போது குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதற்கும் சரி என்றேன். இப்போது அணையில் பாறை தெரிகிறதாம். எப்போதாவது நடுப்பகலில் குழாய் உஸ்ஸென்று சத்தம் போடும். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். வெறும் காற்று வந்துவிட்டு நின்றுபோகும். மற்றபடி லாரித் தண்ணீர்தான். கார், ஸ்கூட்டர், மாடு எதையும் குடிதண்ணீரில் கழுவக் கூடாது, கழுவினால் இணைப்பைப் பிடுங்கிவிடுவோம் என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. வேறெங்கும் நிற்காத அந்த ஆட்டோ, உங்கள் காரைப் பார்த்ததும் நின்று, முதலிலிருந்து கடைசி வரைக்கும் இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், அதற்கப்புறம் உங்கள் காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு, விடிந்ததும் கதவு, பானெட், டிக்கி என்று பதமாகத் துடைத்துவந்தேன். அங்கேதான் வினை பிடித்தது. கார் பளபளத்துவிட்டது. மனுசர் முகம் கழுவவே யோசிக்கிற தெருவில் ஒரு கார் மட்டும் பளபளத்தால் சும்மா விடுவார்களா? எங்கள் தெருவில் மெஹராஜ் அக்கா என்று ஒருவர் இருக்கிறார், லாரி வந்தால் அவர் வைத்ததுதான் வரிசை. அவர் ஒரு நாள் "கொஞ்சம் பொதினா இருக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். புதினாவை யாராவது கட்டிலுக்கு அடியில் வைப்பார்களா மச்சான்? அங்கே என் பழைய செருப்பும் உங்கள் அக்காவின் தகரப் பெட்டியும்தான் கிடந்தன. பெட்டியைத் தட்டி, உள்ளே தளும்புகிறதா என்று காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே ஆமினாவின் பச்சைக் குடம் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது.

"காருக்கு ஊத்தற ஊட்டுல குடிக்கறதுக்கு இல்லாமயா போயிரும்? கடைசில நில்லு அம்மணி" என்றாராம் மெஹராஜ் அக்கா. கடைசியில் நின்றால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாரியின் ரப்பர் குழாயைத் தூக்கி உதறினால் விழுகிறது, அவ்வளவுதான். முட்டிவலியோடு மணிக்கணக்காக நின்றுவிட்டுக் கால் குடத்தோடு வந்த உங்கள் அக்கா, குடத்தை நடுவீட்டில் வைத்துவிட்டு, "ஏனுங்க, இனிமே அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்றாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான். அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. சாப்பாடு தயார் என்பதையும் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதையும் பாத்திரம் வைக்கிற சத்தத்திலிருந்து நானாகத்தான் புரிந்துகொள்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம்.

இந்த நிலைமையில்தான் எதிர்த்தாற்போல் பேக்கரி வைத்திருக்கும் அங்கப்பன் எனக்கு யோசனை சொல்ல வந்தார். "ஏனுங்க பாய், தண்ணி கெடைக்காட்டி மண்ணைத் தொட்டுத் தடவிக்கிட்டுத் தொழுவலாம்னு உங்களுக்கு ஒரு வழி இருக்குதல்லங்க? அதையே காருக்கும் செஞ்சுபோடுங்களே" என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்கோ அதில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கார் அழுக்காக இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடுமல்லவா? கீறல் விழக் கூடாதே என்று மண்ணைச் சல்லடையில் சலித்து, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த கையோடு, உங்கள் காரின் மேல் என் சொந்தக் கையால் தூவினேன். பாதித் தூவலில் மெஹராஜ் அக்கா கதவைத் திறந்தார். "பாத்தீங்களாடி, கழுவுனதை மறைக்கறதுக்கு மண்ணு போடறாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. கையில் சல்லடையோடு நிற்கிறவனை யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அந்தியூரிலிருந்து கார் பார்க்க ஆள் வருகிறார், வெள்ளிக்கிழமை கூட்டிவருகிறேன், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீருக்குக் கவலை வேண்டாம், களத்தில் கொப்பரைக்கு உடைக்கிற தேங்காய்த் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குத்தான் போகிறது, தேங்காய் லாரியில் இரண்டு கேன் அனுப்பியிருக்கிறேன், அதில் கழுவிவிடுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மூளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டமும் மீறவில்லை, குடிதண்ணீரும் செலவில்லை. தெரு பார்க்கட்டும் என்று கேனின் மூடியைத் திறந்து காட்டிவிட்டே கழுவினேன். மதியத்துக்குள் எறும்பு வந்துவிட்டது. கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, இதுவரைக்கும் நான் பார்த்தே இராத ஒரு மஞ்சள் எறும்பு, எல்லாம் டயர் வழியாக ஏறி, கதவு இடுக்கில் நுழைந்து, ஸ்டியரிங்கில் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டன. அது போகட்டும். மே மாத வெயிலில் தேங்காய்த் தண்ணீர் புளித்தால் என்ன வாடை வரும் என்று தேங்காய் வியாபாரியான உங்களுக்குத் தெரியாதா? கள்ளு வாடை மச்சான், சுத்தமான கள்ளு வாடை! பள்ளிவாசலுக்குப் போகிற வழியில், ஷேக் பரீத் வீட்டு வாசலில், கள்ளு வாடை. அந்தி நேரத்து மஃரிபு தொழுகைக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாவமன்னிப்புத் தேடி அஸ்தக்ஃபிருல்லா சொல்லிக்கொண்டே போனார்கள். என்னை ஊதிக் காட்டச் சொல்லாததுதான் பாக்கி. இருட்டியதும் அங்கப்பன் மெதுவாக வந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "பாய், எங்கீங்க கெடைக்குது?" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள். நேற்று லாரி வந்தபோது நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அத்தனை பேர் கூட்டத்தில் உங்கள் அக்கா மட்டும் தனியாக நின்றாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுகிறவள் அவள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோகிறவள் அவள். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வயதுக்கு மேல் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஆகையால் முடிவாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தியூர்க்காரரோடு வாருங்கள். அவர் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, காரை எறும்போடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். தேங்காய் விழுந்தால் விழட்டும். கார் போகாவிட்டால் உங்கள் அக்கா பொள்ளாச்சிக்குக் கிளம்பி வந்து உங்கள் வீட்டில் பேசாமல் உட்காருவாள். அவள் பேசாமல் இருந்து நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

மாமிக்கு என் ஸலாம் சொல்லவும். பிள்ளைகளுக்கு ரப்பு நீண்ட ஆயுளையும், திறந்தால் தண்ணீர் வருகிற குழாயையும் கொடுக்கட்டும். மழைக்கு எல்லாரும் துஆ செய்யுங்கள். கடிதத்தை நாளைக்கு உங்கள் தேங்காய் லாரி டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தெருவில் தலைகாட்ட முடியாத உங்கள் மச்சான்,
ஷேக் பரீத்.

பி.கு: ஒட்டிய கடிதத்தை வியாழக்கிழமை மதியம் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அந்தியூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் தண்ணீர் லாரி வருகிற வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மெஹராஜ் அக்கா வாசலில் வந்து நின்று, "ஏனுங்க தம்பி, இந்த வண்டி ஓடுமுங்களா, இல்ல பாக்கறதுக்குத்தானுங்களா?" என்றார். குறிச்சிக்கு அந்தப் பக்கம் அங்கப்பனின் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதாம், கொண்டுவரத்தான் வண்டி இல்லையாம். ஓடும் என்றேன். டிக்கியில், பின்சீட்டில், இண்டு இடுக்கில் எல்லாம் குடம் ஏற்றிவிட்டார்கள். மூன்று நடை போய்வந்தாயிற்று. சீட்டெல்லாம் சேறு, டிக்கி மூடி நெளிந்துவிட்டது, அது வெள்ளைக் கார் என்று இனி நீங்கள் சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மழை பெய்கிற வரைக்கும் காரைத் தர முடியாது; தெரு விடாது. முதல் நடையில் குடம் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமென்று மெஹராஜ் அக்கா உங்கள் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்காரவைத்தார். திரும்பி வரும்போது அவள் மடியில் ஒரு குடம், காலடியில் ஒரு குடம். தோட்டத்திலிருந்து ஆத்துப்பாலம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. பாலத்துக்கிட்ட ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. "மெதுவாப் போங்க, தளும்புதல்ல" என்றாள். அங்கிருந்து உக்கடம் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்தேன் மச்சான்.