எங்கள் வீட்டுக் கிழக்கு

படித்தவன் கையில் ஒரு கருவியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் கொடுக்கவே கூடாது. அப்போது நான் பௌதிகப் பட்டதாரி. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துப் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான வாத்தியார். தலைக்குள் இருந்ததை விடச் சட்டைப் பையில் குத்தியிருந்த பேனைகள் அதிகம்.

2003. சண்டை ஓய்ந்து, சமாதான காலம் என்று சொன்னார்கள். அதுவரை தீவுப்பக்கம் திசைகாட்டி கொண்டுவந்தால் ராணுவச் சோதனைச்சாவடியில் பதில் சொல்லி மாளாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக ஒன்று வந்து சேர்ந்தபோது, அதை அலுமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மீன் வாங்கப் போனேன். யாராவது வடக்கு எது என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒரு நாயும் கேட்கவில்லை.

கேட்டவர் என் வருங்கால மாமனார். கொழும்பில் கடை நடத்திக் களைத்து, எங்கள் தீவிலேயே உள்ள இறுப்பிட்டிக்குத் திரும்பியிருந்தார். எனக்கு நிச்சயித்திருந்த தன் மகள் மாலினிக்குச் சீதனமாக அங்கே ஒரு வீடு கட்டத் தொடங்கினார். வீடு எழும்பினால்தான் கலியாணம். காணியிலோ பழைய வீடு இடிந்து, வேலியும் போய், பற்றை மண்டிக் கிடந்தது. வாசல் நேர்கிழக்குப் பார்க்க வேண்டும் என்பதில் மனுசன் ஒரே பிடி. அத்திவாரக் கல் வைக்கக் குறித்த ஐப்பசிக் காலையோ ஒரே மழைமூட்டம். சூரியன் எங்கே என்று சூரியனுக்கே தெரியாது.

"தம்பி, உம்மட அந்தச் சாமான் கிழக்கைக் காட்டுமோ?" என்று கேட்டார்.

"அது வடக்கைக் காட்டும் மாமா. கிழக்கை நான் காட்டுவன்," என்றேன். (இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கும்.)

கல் வைக்க வந்த சனத்தை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினேன். முள் என்பது ஒரு சின்னக் காந்தம். பூமியும் ஒரு காந்தம். பூமியின் காந்தப்புலம் முள்ளைத் திருப்பித் தன் வழிக்கு நேராக நிறுத்தும். ஆனால் பக்கத்தில் இரும்போ வேறு காந்தமோ இருந்தால் முள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சொன்னதெல்லாம் சரி. அதுதான் இன்னும் கேவலம்.

இரும்பென்று மேசனின் சாந்தகப்பையையும் கிடங்கு தோண்டும் அலவாங்கையும் வெளியே ஒழுங்கைக்கு அனுப்பினேன். மாமாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றுவித்தேன். மாமியின் கொண்டை ஊசிகளைக்கூட விடவில்லை. பாவம், மகளின் வீட்டுக்குக் கல் வைக்கிற நாளில் தலைவிரி கோலமாக நின்றார். ஐயர் பயந்துபோய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். "பித்தளை பரவாயில்லை ஐயா," என்று அவருக்குச் சலுகை கொடுத்தேன்.

பிறகு திசைகாட்டியை வைக்க மட்டமான ஓர் இடம் தேடினேன். பக்திப் பாட்டுப் போடுவதற்காக மாமா வாடகைக்குப் பிடித்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி நின்றது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதன் தலையில் வைத்தேன்.

முள் அசையவேயில்லை. அறைந்த ஆணி மாதிரி நின்றது. "பாருங்கோ, என்ன உறுதி!" என்று முள்ளுக்கு வலப்பக்கம் கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினேன்.

மாலினி மட்டும் முகத்தைச் சுளித்தாள். அவளும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சின்ன வகுப்பு ரீச்சர். எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டிதான் மறைப்பு. "அப்பா, சூரியன் அந்தப் பனையளுக்குப் பின்னாலயெல்லோ எழும்புறது? இவர் பக்கத்து வீட்டுக் கக்கூசையெல்லோ காட்டுறார்?"

"சூரியன் மாசத்துக்கு மாசம் இடம் மாறும். காந்தம் மாறாது. நீர் பேசாமல் இரும்," என்றேன்.

"படிச்ச பிள்ளை சொல்லுது," என்றார் மாமா. கடலுக்குள் கட்டச் சொன்னாலும் ஏன் என்று கேட்காத மேசன் கயிறு பிடித்தார். ஐயர் மந்திரம் சொல்ல, மாலினியின் கையால் கல் வைத்தாயிற்று.

பாட்டுப் போட்டவர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். நான் திசைகாட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். முள் மெல்லத் திரும்பியது. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வேறு பக்கம் பார்த்து நின்றது. தட்டினேன், குலுக்கினேன். "பழுதாப் போச்சு," என்றேன்.

மாலினி அதைப் பறித்துப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். முள் பெட்டிப்பக்கம் திரும்பியது. தள்ளிக் கொண்டுபோனாள், பழையபடி மாறியது.

"ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கெண்டு போன கிழமை தொண்டை கிழியக் கத்திப் படிப்பிச்சது ஆர்? தட்டிக்கு அங்கால இருந்த என்ர சின்னனுகளுக்கே பாடம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கல்லைக் கிளப்பி மாத்தி வைப்பம் மாமா," என்றேன்.

"உமக்கென்ன விசரே? பூசை செய்து வைச்ச கல்லைக் கிளப்புறதோ? பிள்ளையின்ர வாழ்வெல்லோ கிளம்பிப் போகும்!" மாமா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மாமி அவிழ்ந்த தலையோடு அழத் தொடங்கினார்.

"வீட்டைத் திருப்ப ஏலாது," என்றாள் மாலினி. "மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமோ எண்டு யோசியுங்கோ அப்பா."

பகிடி என்று நினைத்து நான் மட்டும் பல்லைக் காட்டினேன். அவள் காட்டவில்லை. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கடைசியில் ஒருநாள், தட்டிக்கு அந்தப்பக்கம் நின்றே நிபந்தனை சொன்னாள்.

"கலியாணம் நடக்கும். ஆனால் அந்த வீட்டிலதான் இருக்கவேணும். கனடா, யாழ்ப்பாணம் எண்டு ஓடக்கூடாது. ஒவ்வொரு நாளும் விடிய வாசலைத் திறந்து நீங்கள்தான் பார்க்கவேணும்."

பார்க்கிறேன். இன்றைக்கும் கதவைத் திறக்க, பக்கத்து வீட்டு அண்ணை வாளியோடு கக்கூசுக்குப் போகிறவர், "குட் மோனிங் மாஸ்டர்," என்பார். தைப்பொங்கலுக்குச் சூரியனைக் கும்பிட வாசலால் வெளிக்கிட்டதும் குடும்பமே ஒரேயடியாக இடப்பக்கம் திரும்பும். வீட்டில் ஏதாவது காணாமல் போனால், "அப்பாவின்ர கிழக்கில தேடுங்கோ," என்பார்கள் பிள்ளைகள்.

போன தவணை மகளுக்கு விஞ்ஞானப் பரீட்சை. திசைகாட்டிக்கு அருகில் வேறு காந்தம் இருந்தால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி. 'வீட்டு வாசல் கக்கூசைப் பார்க்கும்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அவளுடைய ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர். முழுப் புள்ளியும் போட்டு, பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: 'உண்மை. நேரில் பார்த்திருக்கிறேன்.'