நாலு மணிக்கு முன்னால் நடந்தது

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கு நானும் என் வீட்டம்மாவும் நலம். அங்கு நீங்கள் இருவரும் நலமா என்று கேட்பதுதான் முறை; ஆனால் நேற்று நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஆகவே நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். மூன்று தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேரில் சொல்ல முகமில்லை. போனில் சொல்லலாம் என்றால், பஸ் ஓட்டிய காலத்துக் குரலில் "ம், சொல்லுங்க" என்பீர்கள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீஸில் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவன் நான். ஒரு தப்பை ஒப்புக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

போன மாசம் பிள்ளைகள் நம் நாலு பேரையும் உட்கார வைத்துப் பேசியது நினைவிருக்கும். பேத்தி மிளகுக்கு (அவள் கோபத்தைப் பார்த்து நீங்கள்தான் அந்தச் செல்லப்பெயர் வைத்தீர்கள்) நாலு மாசம், இது முதல் கிறிஸ்துமஸ். "எங்க வீட்டுக்குன்னு சில வழக்கம் ஆரம்பிக்கப் போறோம். காலையில நாங்க மூணு பேர் மட்டும். நீங்கள்லாம் நாலு மணிக்கு வாங்க" என்றாள் என் மகள். உங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, எக்ஸ்ரே எடுக்கும்போது "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்லும் அதே முகத்தோடு தலையாட்டினார். படி இறங்கும்போது நீங்கள் என் கையைப் பிடித்து, "அதுங்க இஷ்டத்துக்கு விட்டுடுவோம் சம்பந்தி. நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போகக்கூடாது" என்றீர்கள். நான் "சத்தியமா" என்றேன்.

சம்பந்தி, நான் காலை ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன்.

போக வேண்டும் என்று போகவில்லை. சும்மா நடக்கலாம் என்று கிளம்பினேன், கால் தானாகப் பிள்ளைகள் தெருவுக்குள் திரும்பியது, கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. யாராவது கேட்டால் குழாய் சொட்டுவதைச் சரி பண்ண வந்தேன் என்று சொல்லலாமே என்றுதான். வாசலில் நின்று, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடத்தான் எண்ணம். அந்த நேரம் பார்த்து உள்ளே மடாரென்று ஒரு சத்தம், கூடவே குழந்தை வீறிட்டது. கதவைத் தட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். சிவப்புச் சட்டை முழுக்கப் பச்சை. ஏன் வந்தீங்க, எதுக்கு ஸ்பேனர், ஒரு கேள்வி இல்லை. "வாங்க மாமா, இவளைப் பிடிங்க" என்று பிள்ளையை என் கையில் திணித்தார். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. முதல் வழக்கம், குழந்தை கையைப் பச்சை வண்ணத்துல தோய்ச்சு, தட்டுல பதிச்சு, வருஷத்துக்கு ஒண்ணா சுவத்துல மாட்டறது. கையை விரிச்சாத்தானே! மூடின முஷ்டியை ஒரே ஒரு தடவை திறந்தா, அதுவும் அப்பா சட்டை மேல. ரெண்டாவது, மூணு பேரும் ஒரே மாதிரி சிவப்பு உடுப்புல போட்டோ. உடுப்பு வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்குள்ள இவ வளந்துட்டா. ஒரு கால்தான் நுழைஞ்சுது, அப்படியே எடுத்த போட்டோவுல மூணு பேர் முகமும் அழுமூஞ்சி. மூணாவது, குழந்தையைத் தூக்கிப் பிடிச்சு, அவ கையாலயே கிறிஸ்துமஸ் மரத்து உச்சியில நட்சத்திரம் வைக்கிறது. அப்ப மட்டும் கை நல்லா திறந்துச்சு. கிளையைக் கெட்டியாப் பிடிச்சிட்டா. மாப்பிள்ளை பிள்ளையை இழுக்க, மரமும் கூடவே வந்துடுச்சு. நான் கேட்ட மடார் அதுதான்.

என் மக குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டிருந்தா. கூப்பிட்டதும் வந்தா, கண்ணு ரெண்டும் வீங்கிப் போய். "ஆறு மாசமா யோசிச்சு வச்சிருந்தேம்பா. ஒண்ணுகூட நடக்கல. இதைக்கூட என்னால சரியா செய்ய முடியலையே" ன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். "நாலு மாசப் பிள்ளைக்கு என்னம்மா ஞாபகம் இருக்கப்போவுது?" ன்னேன். "எனக்கு இருக்கும்ல?" ன்னு சொல்லிட்டு மறுபடி அழ ஆரம்பிச்சிட்டா.

எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. பக்கத்துல வண்ணத்தாள் சுத்தின பரிசுப் பெட்டிகள் இருந்துச்சு. பதட்டத்துல என்ன செய்யறோம்னு தெரியாமலே ஒண்ணோட ஓரத்தைப் பிடிச்சு இழுத்துட்டேன். பர்ர்ர்னு கிழிஞ்சுது. மிளகு அழுகையை நிறுத்தினா. என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, வாயை மட்டும் திறந்து இல்ல சம்பந்தி, வயித்துலேர்ந்து, சத்தமா! அதுவரைக்கும் அவ சத்தம் போட்டுச் சிரிச்சதே இல்ல. "இன்னொரு தடவை கிழிங்கப்பா" ன்னா என் மக, மூக்கை உறிஞ்சிக்கிட்டே. கிழிச்சேன். மறுபடி சிரிப்பு. அப்புறம் நாலு பேரும் தரையில உக்காந்து, இருந்த பரிசை எல்லாம் கிழிச்சு, பழைய பேப்பரைக் கிழிச்சு, முழங்கால் வரை குப்பை. "இதுதாங்க நம்ம வீட்டு வழக்கம், வருஷா வருஷம் கிழிக்கிறோம்" ன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லும்போது என் மக முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கிழித்தது உங்கள் பரிசு. உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினீர்களே, தானாக ஆடும் தொட்டில், அதேதான். சாயங்காலம் நீங்கள் கேட்டபோது "குழந்தை கிழிச்சிட்டா" என்று மாப்பிள்ளை சொன்னது எனக்காகச் சொன்ன பொய். தொட்டிலின் வாரண்டிச் சீட்டும் அந்த வேகத்தில் போய்விட்டது. மன்னித்துவிடுங்கள். பரிகாரமாக, அடுத்த கிறிஸ்துமஸ் காலை முழுக்க உங்களுக்கே. நான் வீட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு நாலு மணிவரை கிடக்கிறேன்.

உங்கள் முழங்கால் வலி குறைந்து, இரு வீட்டிலும் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்ற பிரார்த்தனையுடன்,

வாக்குத் தவறிய,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நேற்று காலை எட்டு மணிக்கே நீங்கள் எதிர்வீட்டு மாடிப்படியில், முகத்தை மப்ளரால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாமே! நான் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுக் கோபமாகத் திரும்பினீர்களாம். உங்கள் வீட்டம்மா இவளிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையும், கொடுத்த அடுத்த கிறிஸ்துமஸையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எட்டு மணிக்கு வந்தவரிடம் ஒன்பதேகாலுக்கு வந்தவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆனாலும் அவ்வளவு நேரம் குளிரில் உட்கார்ந்தவர் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லையே என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. அதனால் இதைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவந்து தருகிறேன். படித்ததும் செருப்பை மாட்டுங்கள், மிளகைப் பார்க்கச் சேர்ந்தே போவோம். கடிதத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் கொஞ்சம் தடிமன், நல்லாக் கிழியும்.