கறுப்பு பார்டர் விஷயமாக

தி.நகர்,
கார்த்திகை 14

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, மயிலாப்பூர் சுப்பராமன் சார் அவர்களுக்கு, தி.நகர் பாவாடைக் கடை வெள்ளைத்துரை இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி மீனாட்சியும் மகள் சந்திரிகாவும் உடம்பளவில் நலம். அங்கு தங்கள் வலது கண்ணின் நலத்தையும், அடுத்த மாதம் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் இடது கண்ணின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். பத்து நாளைக்குப் போன் பார்க்கக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், சம்பந்தி அம்மா ஜெயலக்ஷ்மி அவர்கள்தான் எல்லாவற்றையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்று மாப்பிள்ளை ராகவேந்திரன் சொன்னார். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் மகளின் படம் வரைகிற நோட்டில் நாலு தாள் கிழித்து இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் கடைசியாகப் பேசியது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "நம்மாத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பத்தி அமங்கலமா எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும். உங்க பொண்ணுதானே அந்தக் குழுவுக்குக் காவல், பேரைச் சொல்லச் சொல்லுங்கோ. சொல்ற வரைக்கும் பத்திரிகை ப்ரஸ்ஸுக்குப் போகாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பத்திரிகை இல்லாமல் கல்யாணம் ஏது சார்? தை பதினெட்டு முகூர்த்தம். ரெண்டு ஜாதி, ரெண்டு சாப்பாடு, ரெண்டு வருஷப் பேச்சுவார்த்தை எல்லாம் தாண்டி வந்த கல்யாணம், யாரோ எழுதின நாலு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

சந்திரிகா தரமணியில் டிசைன் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வேலை போக மூணு வருஷமாக இணையத்தில் 'மறுபார்வை' என்று ஒரு குழு நடத்துகிறாள். யாராவது ஒரு டப்பாவுக்கோ கடை போர்டுக்கோ வடிவம் செய்து அங்கே வைப்பார்கள். மற்றவர்கள் பார்த்து எது சரி, எது சரியில்லை என்று கருத்து சொல்வார்கள். நாலாயிரம் பேர் இருக்கிற இடம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் நான். பெற்ற பெண் ஒரு காரியம் செய்கிறாள், சொந்தக்காரன் நாலு பேர் தலைகாட்ட வேண்டாமா என்று எங்கள் பக்கம் அறுபத்துமூணு பேரைச் சேர்த்துவிட்டேன். நிச்சயம் ஆனதும் உங்கள் வீட்டிலும் எல்லோரையும் சேரச் சொன்னேன். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். எதைப் பார்த்தாலும் 'சூப்பர்', எதைப் பார்த்தாலும் 'அருமை', கூடவே கும்பிடுகிற கை. ஒருத்தர் எலி மருந்து டப்பாவுக்குப் படம் போட்டு வைத்திருக்கிறார். என் அக்கா அதன் கீழே 'மென்மேலும் வளர வாழ்த்துகள்' என்று எழுதியிருக்கிறாள். வாழ்த்து எலிக்கா, மருந்துக்கா என்று கேட்டால், வந்துட்டுப் போனேன்னு தெரியணும்ல என்கிறாள்.

சந்திரிகாவுக்கு வந்ததே கோபம். "அப்பா, இது கல்யாண வீடு இல்ல. இங்க தலைகாட்ட வராதீங்க, தப்பு காட்ட வாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டம் போட்டாள். வெறும் பாராட்டு இனிமேல் செல்லாது. நல்லது ஒன்று சொல்ல வேண்டும், குறை ஒன்று சொல்ல வேண்டும், அது ஏன் குறை என்று சொல்ல வேண்டும், அதைச் சரிசெய்ய ஒரு வழியும் சொல்ல வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் கருத்து அழிக்கப்படும். முகத்துக்கு அஞ்சி யாரும் பொய் சொல்லக் கூடாது என்று, படம் போட்டவர் பெயரும் தெரியாது, கருத்து சொன்னவர் பெயரும் தெரியாது, தரம் காக்கிற அவளுக்கு மட்டும் தெரியும். மாதம் ஒரு சிறந்த கருத்துக்கு ஒரு காபிக் குவளை பரிசு. நான் நினைத்தேன், நம் ஜனம் இதோடு கழன்றுகொள்ளும் என்று. எங்கே? குறை சொல்வதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது என்றால் விடுவார்களா? இருபது வருஷமாக மனசில் வைத்திருந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. பதினைந்தே நாளில் கருத்துகளின் தரம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

குழுவுக்குள் இருந்தவரை சரி, வெளியிலும் வந்துவிட்டது சார். மீனாட்சியின் தம்பி மேற்கு மாம்பலத்தில் ஃப்ளாட் வாங்கிப் புதுமனை புகுவிழா வைத்தான். என் அக்கா பாயசத்தைக் குடித்துக்கொண்டே, வாசல் லட்சணமாக இருக்கிறது, பூஜை ரூம் பாத்ரூமை ஒட்டி இருக்கிறது, மந்திரம் சொல்லும்போது தண்ணீர் இழுத்துவிடுகிற சத்தம் கேட்கிறது, இடித்துக் கட்டு என்று நாலையும் வரிசை பிசகாமல் சொல்லிவிட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றிலிருந்து மச்சினன் என்னோடு பேசுவதில்லை. கடையில் மீனாட்சி வேறு. ஒரு அம்மா நைட்டி எடுத்துக் கண்ணாடி முன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இவள், நிறம் எடுப்பா இருக்கு, தோள்பட்டை பிடிக்குது, உங்க உடம்புக்கு இந்தக் கட் சரிப்படாது, எதிர்க்கடையில பெரிய சைஸ் இருக்கு என்று அனுப்பிவைத்திருக்கிறாள். என்னடி இது என்றால், வழியும் சொல்லணும்ல என்கிறாள். எதிர்க்கடைக்காரன் இப்போது என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறான்.

இந்த லட்சணத்தில்தான் உங்கள் பத்திரிகை வந்து சேர்ந்தது. முப்பத்தாறு வருஷம் சர்க்காரில் வரைபடம் போட்ட கை உங்கள் கை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை, அதை நானே செய்வேன் என்று மூணு வாரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்தீர்கள். எங்களை மயிலாப்பூருக்கு வரவழைத்துக் காபி கொடுத்துக் காட்டினீர்கள். அன்று உங்கள் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் பார்த்தோம். தும்பைப்பூ வெள்ளையில் பின்னணி, சுற்றிலும் ரெண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு பார்டர், நடுவில் பிள்ளையும் பெண்ணும் முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஆளுக்கொரு பக்கம். சந்தனப் பின்னணி, கருநீல பார்டர், எப்படி இருக்கு என்று கேட்டீர்கள். நான்தான் முதலில் "பிரமாதம் சார்" என்றேன். அதற்கு மேல் யாருக்கு வாய் வரும்? கீழே இறங்கி ஆட்டோ பிடிக்கிற வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் பேனர் அடிக்கிற வாஜித் பாய், நான் காட்டிய பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கேட்டதை உங்களிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். "இன்னா சார் இது, கல்யாணமா கண்ணீர் அஞ்சலியா? எதுன்னு சொன்னா அதுக்கேத்த மாரி அடிச்சிக் குடுத்துடறேன்" என்றார். மன்னிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு அப்பாவிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. பெயர்தான் தெரியாதே என்று பத்திரிகையை மறுபார்வையில் வைத்துவிட்டார். இருநூத்திப் பன்னிரண்டு கருத்து. அத்தனையையும் அச்சடித்து உங்கள் கையில் கொடுக்க, விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று நீங்கள் சொல்ல, சம்பந்தி அம்மாதான் ஒன்று விடாமல் வாசித்தார்கள். அதில் ஒன்றுதான் உங்களைச் சுட்டது. அதைத் திரும்ப எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எதற்கு மன்னிப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். 'எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லை. ஆனா பார்த்தா கல்யாணத்துக்குக் கிளம்பத் தோணலை, துக்கம் விசாரிக்கப் போகணும்னு தோண்றது. வெள்ளையில கறுப்பு பார்டர் போட்டா வேற என்ன தோணும்? இதைப் போட்டவர் முதல்ல ஒரு நல்ல கண் டாக்டரைப் பார்க்கட்டும்.'

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அந்த அனாமதேயத்தின் முகத்தில் வீசுகிறேன் என்று நீங்கள் மறுநாளே கிளம்பினதும், டாக்டர் பார்த்துவிட்டு ரெண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இதோடு எப்படி ரோட்டைக் கடந்து வந்தீர்கள் என்று கேட்டதும், மாப்பிள்ளை சொல்லித் தெரியும். அமங்கலமாக எழுதினதால்தான் கண்ணுக்கு வந்தது என்கிறீர்களாம். நான் எதிர்த்துப் பேசவில்லை.

சந்திரிகாவிடம் பெயரைக் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். "பேரைச் சொன்னா நாளைக்கு இங்க எவனும் உண்மை பேச மாட்டான்ப்பா. சொல்லலன்னா எனக்குக் கல்யாணம் இல்ல. நான் என்னப்பா பண்ணட்டும்" என்று அழுதாள். நாலு நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். ஒரு மகளை இப்படிப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? ஆகவே சொல்லிவிடுகிறேன். எழுதியது நான்தான். எதிரில் பிரமாதம் என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் அப்படி எழுதின பாவி நான்தான். என் பெயரில் என்ன தண்டனை வேண்டுமானாலும் போடுங்கள். கல்யாணத்தன்று என்னைப் பந்தியில் கடைசி வரிசையில், கை கழுவுகிற குழாய் பக்கம் உட்கார வையுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். பிள்ளைகளை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று அந்தப் பத்திரிகையை வலது கண்ணால் ஒருமுறை பாருங்கள். அது சந்தனமும் கருநீலமுமாக இருந்தால், நான் கபாலி கோயில் மாடவீதி நாலையும் சுற்றி வந்து உங்கள் வாசலில் விழுகிறேன். அப்படி இல்லையென்றால், வாஜித் பாயிடம் நல்ல சந்தன நிறத் தாளும் குங்கும நிற பார்டரும் இருக்கிறது. எழுத்தெல்லாம் உங்கள் எழுத்தே இருக்கட்டும். அதில் பிழை ஒன்றுகூட இல்லை.

தங்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. ரெண்டு கண்ணும் தெளிந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, அட்சதை யார் யார் மேல் விழுகிறது என்று நீங்களே பார்த்து ரசிக்க வேண்டும் என்று மாம்பலத்துச் சிவனையும் மயிலாப்பூர்ச் சிவனையும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
வெள்ளைத்துரை

பி.கு.: இது சம்பந்தி அம்மாவுக்கு மட்டும். வாசிப்பதை இங்கே நிறுத்திவிட்டு, 'அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டிருக்கார்' என்று சாரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்திவிட்டீர்களா? சரி. அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதிய கருத்து 'சூப்பர்'. அதை என் மகளே தரமில்லை என்று அழித்துவிட்டாள். சந்திரிகா லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், யார் எழுதினது என்று நான் எட்டிப் பார்த்தேன். பெயருக்குப் பதில் போன் நம்பர்தான் இருந்தது. உங்கள் போன் நம்பர் எனக்கு மனப்பாடம் அம்மா. என் வாயில் இந்த ஜென்மத்தில் 'தோண்றது' என்று வராது. சார் தன் கண்ணால் படித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். உங்கள் குரலில் கேட்டதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூணு வருஷமாகக் கூப்பிட்டும் கண் டாக்டரிடம் வராத மனுஷரை நீங்கள் நாலே வரியில் கிளப்பிவிட்டீர்கள், அதனால் பழி என் தலையிலேயே இருக்கட்டும். குங்கும பார்டருக்கு அவரைச் சம்மதிக்க வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. இன்னொன்று. இந்த மாதச் சிறந்த கருத்து உங்களுடையதுதான், நூற்றுப் பதினெட்டு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். குவளை அடுத்த வாரம் கூரியரில் வரும். பரிசு பெற்ற கருத்தை அதிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்துத்தான் அனுப்புவார்கள். சாருக்கு அதில் காபி கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.