மேல்மாடியிலிருந்து வந்த எட்டுப் பேர்

"ரமலான் பிறைக்கு ஒன்பது நாள்தான். முடியுமா, முடியாதா?" என்றார் முதலாளி இஸ்ஸத் பே.

ஷவ்கி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கெய்ரோவின் பெரிய இனிப்புக்கடைக்கு, கைபேசியிலேயே குனாஃபா வாங்க ஒரு செயலி. எழுதுவது அவன், நிர்மீன், இன்னொருவன். பிறைக்குள் முடியாவிட்டால், போட்டிக்கு அதையே எழுதிக்கொண்டிருக்கும் மேல்மாடி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போய்விடும். கூடவே ஷவ்கியின் வேலையும்.

"ஆள் பத்தல, பே."

வாயில் சனி.

மறுநாளே எட்டுப் பேர் வந்தார்கள். எட்டும் மேல்மாடி ஆட்கள்.

"ஒரே வீச்சுல தூக்கிட்டேன் பாத்தியா!" முதலாளி மீசையைத் தடவினார்.

அவர்களுக்கு அதுவரை எழுதியதை விளக்குவதில் மூன்று நாள் போனது. இரண்டு மாடிக்கும் டீ கொண்டுவரும் பயூமி, வாசலில் நின்று "பாஷ்முஹந்திஸ்!", அதாவது இன்ஜினியர் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டால் பதினொரு தலைகள் திரும்பின.

"நிர்மீன், பணம் கட்டுற பக்கம் என்னாச்சு?"

"நாலு பேர் எழுதிட்டாங்க. நாலும் நாலு தினுசு."

"எது சரி?"

"அதுக்குக் கூட்டம் போடணுமாம்."

கூட்டம் போட்டார்கள். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது நாளா, முப்பதா என்பதிலேயே அது இரண்டாக உடைந்தது.

"முப்பதுன்னு வெச்சுப்போம். ஒரு நாள் கூடக் கிடைக்கும்."

"பிறை என்ன உன் மச்சானா, சொன்ன நாளுக்கு வர?"

மதியத்துக்குமேல் வாக்கெடுப்பு. முப்பது ஜெயித்தது.

பிறை இருபத்தொன்பதிலேயே தெரிந்துவிட்டது.

தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்ததும் ஷவ்கி செயலியைத் திறந்தான். பணம் கட்ட நான்கு பொத்தான்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை. அதே நேரம் மேல்மாடியில் குலவைச் சத்தம். முதலாளியின் கைபேசி ஒலித்தது. இனிப்புக்கடைக்காரர் இரண்டே வார்த்தை பேசி வைத்துவிட்டார்.

"எட்டுப் பேர் இங்க இருக்கான். மேல மிச்சம் இருக்கிறதே ரெண்டு பேர்! எப்படிடா முடிச்சானுங்க?" முதலாளி கத்தினார்.

காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பயூமி நிமிர்ந்தார்.

"உங்க வாசல அந்த எட்டுப் பேருக்கும் காட்டிவிட்டதே மேல்மாடி முதலாளிதானே, பே? ஒருத்தனும் திரும்பி வந்துடக் கூடாதுன்னு தினம் அல்லாகிட்ட துஆ வேற கேட்டுக்கிட்டிருந்தாரு."